ஞாயிற்றுக்கிழமை வண்டி

"இன்னைக்கு ஒண்ணு அந்த ஜீப் இந்த வாசலுக்கு வரணும், இல்லேன்னா உன் தம்பி இந்த வாசலுக்கு வரக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

டைல்ஸ் மேஸ்திரி சட்டைப் பட்டனை மாட்டிக்கொண்டே சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவன் இப்ப என்ன பண்ணினான்?"

"என்ன பண்ணலை? ஞாயித்துக்கிழமை ஆனா போதும், 'மாமா, பிக்கப் வண்டி வேணும்'னு வந்து நிக்கிறான். ஒரு வாரம் பீரோ ஏத்தணுமாம், ஒரு வாரம் கட்டிலாம், போன வாரம் வாஷிங் மெஷினாம். காலைல எடுத்துட்டுப் போனா பொழுது சாயத்தான் கொண்டு வர்றான். டீசல் முள் தரையில படுத்துக் கிடக்கு. ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துப் போறது?"

"அதுக்காக நல்லா ஓடுற பிக்கப்பைக் கொடுத்துட்டு ஜீப்பா? டைல்ஸ் பெட்டியை எதுல ஏத்துவீங்க? தலையிலயா?"

"வாடகை வண்டி வெச்சுக்குவேன். ஜீப்ல பீரோ ஏறாது. எனக்கு அது போதும்."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்."

"கொளுத்திட்டுப் போறேன். நிம்மதியாவது மிஞ்சும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சட்டையை உதறி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஷோரூமுக்கு மேஸ்திரி வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை கலர் பிடிக்கவில்லை என்றார். அடுத்த தடவை பேனாவைக் கையில் வாங்கிவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். விற்பனைப் பெண் இந்தத் தடவை பொறுமையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

"காடு, மலை, சேறு, எங்க வேணும்னாலும் ஏறும் சார். நாலு சக்கரமும் இழுக்கும்."

"நான் எந்த மலைக்குப் போறேம்மா? அடுத்தவன் வீட்டுப் பாத்ரூமுக்குப் போறேன், டைல்ஸ் ஒட்ட. ஒரே ஒரு கேள்வி. பின்னாடி பீரோ ஏறுமா?"

அவள் தயங்கினாள். "மன்னிச்சிருங்க சார். ஏறாது."

"அப்ப பில்லைப் போடு."

பழைய வண்டிக்கு மதிப்புப் போடுபவர் பிக்கப்பை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, அரை மணி நேரம் அடியில் நின்று பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வண்டியை யார்கிட்ட சர்வீசுக்கு விடுறீங்க சார்?"

"எவன்கிட்டயும் இல்லை. ஓடுற வண்டியை எதுக்குப் போய் நோண்டணும்? ரெண்டு வருஷமாச்சு, ஒரு பய கை வைக்கலை."

"விளையாடாதீங்க சார். நாலு பிரேக்கும் புதுசு. கிளட்ச் புதுசு. ஸ்டியரிங் அடியில தேஞ்ச பாகம் எல்லாத்தையும் மாத்தியிருக்கு. ஒரே நாள்ல செஞ்ச வேலை இல்லை. ஒண்ணொண்ணா, ஆற அமரச் செஞ்சிருக்காங்க. சொந்த வண்டிக்குக்கூட யாரும் இவ்வளவு பாக்க மாட்டாங்க."

"வேற யார் வண்டியையோ பார்த்துட்டு வந்து பேசுறீங்க."

"உங்க வண்டிதான் சார். நம்பரைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

மேஸ்திரி வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லக் கூடாதுன்னு தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா நாள் பூரா பஸ்ஸுக்கு அடியில கிடக்கிறவன், லீவு நாள்ல உங்க வண்டிக்கு அடியில கிடந்திருக்கான்."

"அப்ப அந்த பீரோ, கட்டில்?"

"கல்யாணம் ஆகாத பையன், ஒரே அறையில குடியிருக்கான். அவனுக்கு ஏதுங்க வாராவாரம் பீரோவும் கட்டிலும்?"

"டீசல்?"

"பிரேக்கை மாத்தினா, மேடு பள்ளத்துல ஓட்டிப் பார்க்க வேண்டாமா?"

மேஸ்திரிக்குக் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே."

"சொன்னானே. போன மழையில உங்ககூட வந்துட்டு, 'மாமா, பிரேக் ஒரு பக்கமா இழுக்குது, பின்னாடி ஆளுங்களை ஏத்திட்டுப் போறீங்க, பாருங்க'ன்னு சொன்னான். நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. சொந்தமா ஒரு வண்டி வாங்கத் துப்பில்லாதவன் எனக்கு வண்டியைப் பத்திப் பாடம் எடுக்கிறியா என்று கேட்டிருந்தார். வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும்.

"அன்னையிலேர்ந்து சொல்றதை விட்டுட்டான். செய்ய ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அவள்.

விற்பனைப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு படிவத்தோடு வந்தாள்.

"சார், கையெழுத்து..."

"கொஞ்சம் யோசிச்சுட்டு வர்றேம்மா."

அவள் பேனாவை மூடினாள். இனி இவர் வரும் நாளில் தனக்கு லீவு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பிக்கப் தெருவில் இறங்கியதும் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மேஸ்திரி பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், போட்ட இடத்தில் நின்றது. இத்தனை மாசமாக இப்படித்தான் நின்றிருக்கிறது. அவர்தான் கவனிக்கவில்லை.

ஓரமாக நிறுத்தி மச்சானுக்குப் போன் போட்டார். அவராக அவனைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்க நினைத்த வாய் வேறு எதையோ கேட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி வேணாமா உனக்கு?"

"அக்கா உளறிட்டாளா? அவளைத் திட்டாதீங்க மாமா." அவன் குரலில் பயம் தெரிந்தது. பிறகு அவசரமாகச் சொன்னான். "நீங்க யோசிக்காம ஜீப்பையே வாங்குங்க. அக்கா சொன்னதிலேர்ந்து, நாலு நாளா நான் அதோட பிரேக்கைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்."