மேட்டுக்கு மூன்று சாட்சி

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஆமாவா, இல்லையா?"

"சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே அணுவுக்குள் துகள் தேடுகிறவர்கள். ஒரே ஆய்வுக்கூடம், கருவி வேறு, குழு வேறு. ஒரு குழுவின் முடிவைப் பற்றி அடுத்த குழுவிடம் மூச்சுவிடக் கூடாது.

அவர் குழுவின் வரைபடத்தில் ஒரு மேடு முளைத்திருந்தது. புதுத் துகளாக இருக்கலாம். துகளே இல்லாமல், சும்மா தற்செயலாக அப்படி ஒரு மேடு வர வாய்ப்பு முப்பதாயிரத்தில் ஒன்று. அது முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் 'கண்டுபிடித்தோம்' என்று மார்தட்டலாம்.

இப்போதே அறிவிப்பதா, இன்னும் ஒரு வருஷம் பொறுப்பதா? பத்து மணிக்குள் தலைவரிடம் அவர்தான் சொல்லியாக வேண்டும். பொய்த்துப் போனால், இருபது வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நாளில் காலி.

மேடு நிஜமென்றால் இவள் கருவியிலும் தெரிய வேண்டும். மூன்று வாரம் முன்பே இவள் குழு, அதுவரை மூடி வைத்திருந்த முடிவைத் திறந்து பார்த்தாயிற்று.

"என் பேர் நாறினாலும் உனக்குப் பரவாயில்ல. அப்படித்தானே?"

"முட்டை ஒண்ணா, ரெண்டா?"

கல்நெஞ்சக்காரி. சரி, வாயைத் திறக்காவிட்டால் என்ன? மூஞ்சி இருக்கிறதே.

"அந்தத் துகள்..." என்று இழுத்தார். அவள் கரண்டி ஒரு நொடி நின்றது. ஒன்று.

மூன்று நாளாக ஏதோ ராகம் முணுமுணுக்கிறாள். இரண்டு.

கேட்காமலே அவருடைய நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். மூன்று. டிவியில் வரப்போகிற புருஷனுக்கு வேறு யார் போடுவார்களாம்?

'ஆசையோட பார்த்தா மேகத்துலகூட யானை தெரியும், ஜாக்கிரதை' என்று மாணவர்களிடம் வாரம் தவறாமல் முழங்குகிறவர், போனை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"சார், தைரியமா அறிவிச்சிடலாம். எல்லாக் கோணத்துலயும் சரிபார்த்துட்டேன்."

"பலே. நிருபர்களைக் கூப்பிட்டுடறேன்" என்று தலைவர் வைத்துவிட்டார்.

"எந்தக் கோணத்துல பார்த்தீங்க?" என்றாள் மனைவி.

"உன் மூஞ்சியைத்தான். பாட்டு என்ன, இஸ்திரி என்ன!"

"பாட்டா? மூணு நாளா பல்வலிங்க. முனகிட்டிருக்கேன். இஸ்திரி, நீங்க கசங்கின சட்டையோட போறீங்களேன்னு."

அவருக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் தட்டியது. உடனே உதறினார்.

"சும்மா சொல்லாத. இருபது வருஷக் குடித்தனம். உன் மனசுல இருக்கறது மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரி தெரியும் எனக்கு."

அவள் முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"அது எனக்கும் தெரியுங்க. அதான், எங்க ஆளுங்க முடிவைத் திறந்தப்ப நான் மட்டும் எழுந்து வெளிய வந்துட்டேன். அங்க மேடு இருக்கா, இல்லையான்னு இன்னிவரைக்கும் நான் பார்க்கவே இல்ல."