கனடா காருக்குத் தென்காசி வைத்தியம்

“இன்னும் மூணு மாசம் தாங்குனாப் போதும்ப்பா. பங்குனி பொறந்துட்டா குளிர் விட்டுரும். பெறகு இந்த வண்டி எக்கேடு கெட்டாலும் சரி.”

செல்போன் திரையில் பேச்சிராஜ் கெஞ்சினான். தென்காசியில் குற்றாலம் ரோட்டோரம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் குத்தாலிங்கம், கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

இங்கே சாயங்காலம் ஆறரை, கனடாவில் காலை எட்டு மணி. மகன் கம்பளிக் குல்லாவும் இரண்டு ஜாக்கெட்டுமாகக் காருக்குள் உட்கார்ந்திருந்தான். வேலைக்குக் கிளம்பிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டார்.

“அடித்தகரத்தைக் காட்டுலே.”

பேச்சிராஜ் பின்சீட்டுக்கு முன்னால் கிடந்த விரிப்பைத் தூக்கி, போனைத் திருப்பினான். இருபது வருஷத்துப் பழைய கார். தகரம் அப்பளமாக நொறுங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே தரையில் கிடந்த பனி தெரிந்தது.

குத்தாலிங்கம் போனை முகத்தருகே கொண்டுவந்தார். குற்றாலச் சாரலில் மூன்று மாதம் ஊறிய சீசன் வேன்களுக்கெல்லாம் தகரம் மாற்றியவர் அவர். ஐந்தருவிக்கு ஆள் ஏற்றும் வண்டிகூட இந்தக் கதிக்கு வந்ததில்லை.

“மழைத் தண்ணி இப்படித் தின்னாதே. என்னத்தலே ஊத்துன?”

“ரோட்டுல உப்பக் கொட்டுதாங்கப்பா, பனி உருகுததுக்கு. அது தெறிச்சு அடியில ஒட்டிக்கிடுது.”

“ரோட்டுலயா? உப்பையா?”

ஒரு தேசமே கூடி நின்று வண்டிகளை ஊறுகாய் போடுகிறது என்று கேட்டால் எந்த டிங்கருக்குத்தான் கோபம் வராது? குத்தாலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தியத்தைத் தொடங்கினார்.

“நல்லாக் கேட்டுக்கோ. மொதல்ல அடியைத் தண்ணியடிச்சுக் கழுவி உப்பை எடு. காய விடு. கம்பி பிரஷ் போட்டுத் துரு போகத் தேய். ரெட் ஆக்சைடு பெயிண்டு ரெண்டு கோட்டு அடி. அதுக்கு மேல கிரீஸை அப்பிட்டா உப்பு அண்டாது.”

“எங்கப்பா காயும்? மைனஸ் இருவது. ஊத்துன தண்ணி கல்லாயிருது.”

“வீட்டுக்குக் கீழ கார் செட்டுல நிறுத்திக் காய வைலே.”

“அது போன வருசம் இருந்த வீடுப்பா.”

அந்தப் போன வருஷத்து வீட்டின் போட்டோ இப்போதும் பட்டறைச் சுவரில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஏரி. வேன் விட வருகிற ஆவுடைநாயகம் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அதைக் காட்டியாயிற்று.

திரையை மறுபடி உற்றுப் பார்த்தவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

“ஏலே, கார் கண்ணாடிக்கு உள்பக்கம்லா பனி பூத்துக் கெடக்கு! வெளியேருந்து ஈரம் எறங்குது. கதவு ரப்பர் போயிருக்கும், பாரு.”

“பாக்கேன்ப்பா.”

முப்பது வருஷத் தொழில். எங்கே ஈரத்தைக் கண்டாலும் அவர் புத்தி ஒழுகலைத்தான் தேடும்.

“ரப்பர் கெடக்கட்டும்ப்பா. இந்த ஓட்டைக்கு ஒரு வழி சொல்லுங்க. தகரத்தை வச்சு டேப்பு ஒட்டுனா நிக்குமா?” பேச்சிராஜின் பற்கள் கிடுகிடுத்தன. “குளிர் இது வழியாத்தான் ஏறுது. நேத்து சைலன்சர் புகையும் ஏறிருச்சு. தலை சுத்தி வாந்தி எடுத்துட்டேன்.”

குத்தாலிங்கம் பதறிக் கத்தினார்.

“ஐயோ, வண்டியை நிப்பாட்டிட்டு இஞ்சினை ஓட விடாதலே! அந்தப் புகையில இருக்க விஷத்துக்கு வாடையே கெடையாது. ஆளை அடிச்சுப் போட்டுரும்!”

“ஹீட்டர் வேணும்னா இஞ்சின் ஓடணும்லப்பா.”

“இன்னிக்கே வொர்க்‌ஷாப்ல கொண்டு விடு. அடித்தகரத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சு வெல்டு பண்ணணும். சைலன்சரும் மாத்தணும். ரெண்டு நாள் வேலை. செலவை நான் பாத்துக்கிடுதேன்.”

“ரெண்டு நாள் விட முடியாதுப்பா. நானே செய்யுத மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

“ஏன், வேலைக்குப் போக பஸ் கெடையாதா?”

“இருக்கு.”

“பெறகென்னலே?”

பேச்சிராஜ் விரிப்பைப் பழையபடி ஓட்டை மேல் இழுத்துப் போட்டான். குத்தாலிங்கத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒற்றைப் பிள்ளை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு துருப்பிடித்த தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து விஷத்தைக் குடிக்கிறான். எட்டிப் பிடித்து இழுக்கக் கை எட்டவில்லை.

“அந்த ஓட்டை வண்டி மேல அம்புட்டு ஆசையாலே ஒனக்கு? ரெண்டே ரெண்டு நாள் அதைப் பிரிஞ்சு இருக்க முடியாதா? நானும் ஒங்கம்மாவும் உசுரோட இருக்கணுமா, வேண்டாமா? சொல்லுலே!”

பேச்சிராஜ் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தான்.

“அம்மா பக்கத்துல இருக்காளா?”

“இல்ல. வீட்டுல இருக்கா. ஏன்?”

பேச்சிராஜ் குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

“அந்த ரெண்டு நாளும் நான் எங்கனப்பா படுப்பேன்?”