ஒன்பதாவது ராணி

அன்னபூரணத்துக்கு உண்ணாவிரதம் புதிதல்ல. குடிதண்ணீருக்கு ஒன்று, படகுச் சேவைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்குக் கணித ரீச்சர் கேட்டு ஒன்று. ஒவ்வொன்றும் முடிய, புருசன் சரவணமுத்துவைத் தூக்கி இருத்திக் கஞ்சி பருக்கியவள் அவள்தான்.

இந்த முறை காரணம் சதுரங்கம்.

முந்தநாள் தொலைக்காட்சியில் ஆசிரியர்களுக்கான வினாடிவினா. மகள் நிலாந்தினி ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். கடைசிச் சுற்றுக்குச் சதுரங்கத்தைத் தெரிவு செய்தாள். வென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கணினி. சரவணை ஊர்ச் சனம் முழுவதும் வாசிகசாலையில் கூடியிருந்து பார்த்தது.

"ஒரு ஆட்டக்காரரிடம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ராணிகள் இருக்கலாம்?"

"ஒன்பது" என்றாள் நிலாந்தினி.

"தவறான விடை. சரியான விடை எட்டு."

பத்துக் கணினியும் மன்னார்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டன.

சரவணமுத்து விடவில்லை. ஊர்காவற்றுறைக்குப் போய், சதுரங்கம் பழக்குகிற ஒருவரைப் பிடித்து விசாரித்துக்கொண்டு வந்தார். எட்டுக் காலாளும் மறுகரை சேர்ந்தால் எட்டு ராணி. தொடக்கத்திலேயே நிற்கிற ராணியோடு ஒன்பது. அந்த ஒன்றை எண்ண மறந்தவர்கள்தான் தன் மகளைத் தோற்கடித்தவர்கள் என்று சந்திக்குச் சந்தி சொன்னார்.

பின்னேரமே நோட்டீஸ் அச்சாகிவிட்டது. 'தீவகத்துக்கு அநீதி. நேர்மையான போட்டி எங்கே?' நாளைக்குத் தொலைக்காட்சி நிலைய வாசலில் கொட்டில் போட்டுச் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டார்.

அன்னபூரணத்துக்கு அவரின் உடம்புதான் யோசனை. சீனி வருத்தக்கார மனுசன். போன முறை மூன்றாம் நாளே மயங்கி விழுந்தவர். இன்னொரு தடவை பட்டினி கிடந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியவர்.

ஒரேயொரு வழி இருந்தது. போட்டியாளர் கையெழுத்து வைத்து முறைப்பாடு கொடுத்தால் விடையைத் திரும்பப் பார்ப்பதாக நிலையத்தார் சொல்லியிருந்தார்கள்.

நிலாந்தினியோ காலையிலிருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா எழுதி வைத்த முறைப்பாட்டுக் கடிதம் கையெழுத்தில்லாமல் மேசையில் அப்படியே கிடந்தது. வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள் என்றது ஊர். தொலைக்காட்சியில் முகம் தெரிந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள் வேறு சிலர்.

அன்னபூரணம் மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"எனக்கு இனிக் கஞ்சி வைச்சுக்கொண்டு ஆசுப்பத்திரி வாசல்ல நிக்க ஏலாது பிள்ளை. ஒரு கையெழுத்துத்தானே. அவை சொன்னது பிழைதானே?"

"ஓம் அம்மா, பிழைதான்."

"பிறகென்ன? பள்ளிக்கூடப் பிள்ளையளுக்காகவாவது போடன்."

வாசலில் நின்ற சரவணமுத்து உள்ளே வந்து பேனையை நீட்டினார்.

"நாப்பது வருசமா அநியாயம் எங்க நடந்தாலும் முன்னுக்கு நிண்டனான். எனக்குப் பிறந்தது இப்பிடிப் பயந்து சாகுது."

நிலாந்தினி பேனையை வாங்கி, அவருடைய நோட்டீஸின் மேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள். குரலை உயர்த்தவில்லை.

"போட்டிக்கு நாலு நாள் முந்தி, கேள்வி எழுதினவரைப் பிடிச்சு விசாரிச்சு, 'எட்டு எண்டு சொல்லு' எண்டு நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததையும் இதில எழுதுங்கோ அப்பா. உடனே கையெழுத்து வைக்கிறன்."