இறக்கிவிட்டவன்

“விசில் வந்து வாசல்ல நிக்கிறாரு,” என்றாள் மனைவி.

கிரேன் ஆபரேட்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எதுக்கு வந்தானாம்?”

“வேற ஊர் சைட்டுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டாராம். நாளைக்குக் கிளம்பறாராம். உங்களை ஒரு தடவை பாத்துட்டுப் போகணுமாம்.”

“பாக்கறதுக்கு எங்கிட்ட இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்கான்? கதவைச் சாத்து.”

பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே கட்டுமானக் கம்பெனி. இவர் இருபது மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள். அவர் தரையில், வாயில் விசிலோடு. கீழேயிருந்து அவர் கை காட்டினால்தான் மேலேயிருந்து இவர் கம்பிக்கட்டைத் தூக்குவார். நாளடைவில் அவருக்குப் பேரே விசில் என்று ஆகிவிட்டது. வேலைக்குப் போவதும் வருவதும் ஒரே வண்டியில். சண்டை போட்டால்கூட அதே வண்டியில் முறைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

அதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு வரை.

அப்போதுதான் ஆபரேட்டருக்கு பிரஷர் எகிறியது. டாக்டர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“இது இதயத் துடிப்பைக் குறைச்சு பிரஷரைக் கட்டுக்குள்ள வைக்கும். சிலருக்குத் தலை சுத்தும், அசதியா இருக்கும். அதுக்காக நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, ஆபத்து. என்ன வேலை பாக்கறீங்க?”

“உக்காந்து பாக்கற வேலைதான் சார்.”

வெளியே வந்ததும் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். “பொய் ஒண்ணும் சொல்லலியே. கூண்டுக்குள்ள உக்காந்துதானே பாக்கறேன்.”

மூன்றாவது வாரம், விசில் நேரே பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“அவனுக்கு பிரஷர் சார். மாத்திரை போட்டுட்டுத்தான் ஏணி ஏறறான். தலை சுத்துது. மேல ஏத்தாதீங்க.”

அன்றைக்கே ஆபரேட்டரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் இறங்கியதும் நேராக விசிலிடம்தான் வந்தார்.

“நீயா சொன்னே?”

“ஆமா.”

“ஏன்டா?”

விசில் திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது.

இப்போது ஆபரேட்டர் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறார். கிரேனில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றால், விசிலுடைய மச்சான்.

“மச்சானுக்கு சீட்டுப் பிடிக்க, கூடப் பழகினவனையே கவுத்துட்டான்,” என்று சைட் முழுக்கப் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் விசில் வந்து உட்கார்ந்தால், மற்றவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார்கள்.

மனைவி இன்னும் கதவைச் சாத்தவில்லை.

“நான் போய்ப் பேசி அனுப்பிட்டு வரேன்.”

“பேசறதென்ன பேசறது. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா. அவன் குரலைக் கேட்டாலே எனக்கு பிரஷர் ஏறுது.”

அவள் வெளியே போனாள். மாடிப்படியில் அவள் குரல் ஓங்கி ஒலித்தது.

“உங்களுக்கு எப்படி இங்க வர மனசு வந்துச்சு? மேல பறந்துட்டிருந்த மனுஷனை ஸ்டோர் ரூம்ல கொண்டு போய் முடக்கிட்டு, சொல்லிட்டுப் போக வேற வந்துட்டீங்களா? இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

உள்ளே ஆபரேட்டருக்குக் காது குளிர்ந்தது.

விசிலின் பின்னாலேயே தெருவாசலுக்கு வந்ததும் அவள் மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் யாருமில்லை. குரல் தணிந்தது.

“மன்னிச்சிடுங்க அண்ணே. அவர் காதுல விழணுமேன்னுதான்.”

“தெரியும்மா. மாத்திரை ஒழுங்கா போடறானா?”

“நான் கையில குடுத்தா போட்டுக்கறாரு. பிரஷர் இறங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு.”

“அது போதும்.”

“எனக்குப் போதலை அண்ணே. அன்னைக்குத் தலை சுத்தி சுவத்தைப் பிடிச்சுட்டு அவர் உக்காந்ததைப் பாத்துட்டு உங்ககிட்ட ஓடி வந்தது நான். ‘கிரேனை விடுங்கன்னா மாத்திரையை விட்டுடுவேன்னு மிரட்டறாரு, நான் சொன்னேன்னு தெரியாம நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க’ன்னு காலைப் பிடிச்சது நான். மச்சானை ஏத்தினது கம்பெனி. பழி மட்டும் உங்களுக்கு. இப்ப ஊரையே விட்டுப் போறீங்க. இன்னைக்கு அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

விசில் தலையை ஆட்டி மறுத்தார்.

“வேண்டாம் தங்கச்சி. என்கூடப் பேசாம ஆறு மாசம் இருந்துட்டான், இனிமேயும் இருந்துடுவான். உன்கூடவும் பேசலைன்னா யார் கையால மாத்திரை வாங்குவான்?”

அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தப் பதில் வரும் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ.

விசில் தெருமுனை திரும்பும் வரை நின்றிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

ஆபரேட்டர் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு திருப்தி.

“நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டே. போறப்பவாவது வாயைத் திறந்து ஒரு மன்னிப்புக் கேட்டானா?”

“இல்லீங்க. அவர் கேக்கல.”

அவள் தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள்.

“எப்படிக் கேப்பான்? எல்லாரும் உன்னை மாதிரி உண்மையா இருப்பாங்களா?” என்றபடி அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.