உமிக்கரி போட்ட பாத்தி

"மருந்தக் கோலா கெத்தில் டவுன்ல வித்துட்டு, என் தோட்டத்துல வெறும் தண்ணிய அடிச்சிருக்க."

மலேசியாவின் பாடாங் மேஹா ஊர் மளிகைக் கடை வாசலில், நாலு பேர் காது கேட்க பசுபதி இப்படிச் சொன்னார். பிரேமாவதி வாங்கின அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மிளகாய்த் தோட்டத்தில் புல் முளைக்காமலிருக்க மண்ணில் மருந்தடிப்பது அவள் வேலை. கீழ்ப்பாத்தி சுத்தமாக இருந்தது. உமிக்கரி போட்ட மேல்பாத்தியில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல். போன ரெண்டு வருஷமும் அதே கரி, அதே மருந்து, ஒரு புல் கிடையாது. மனுஷன் வேறென்னதான் நினைப்பார்?

ஆனால் அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி வந்தது. அப்புறம் ஒரு தோட்டத்திலும் அவளை மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. பாவம், ஒண்டிக்கட்டை. அந்த வேலையில்தான் சோறு.

லீவுக்கு வந்த பசுபதியின் மகள் சுபாஷினிதான் விஷயத்தை உடைத்தாள். விவசாயம் படிக்கிறவள். மண்ணுக்கு நல்லது என்று அடம்பிடித்து அந்தக் கரியைப் போட வைத்ததே அவள்தான்.

"அப்பா, கரி மருந்த இழுத்து வச்சுக்கும். புல்லுக்குப் போய்ச் சேராது லா. இப்பத்தான் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. தப்பு என்னோடது, பிரேமாவதி அக்கா மேல ஒண்ணும் இல்ல."

பசுபதி அன்று சாயங்காலமே மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பிரேமாவதி வீட்டுக்குப் போனார். யாரிடமும் தலை குனியாத ஆள், வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் ஒன்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"அப்ப போன ரெண்டு வருஷம் மட்டும் புல்லு எப்படிம்மா செத்துச்சு?"

"சாகல முதலாளி. கையால புடுங்கினேன். வேலை முடிஞ்சதும் தினம் ஒரு வரிசை. இந்த வருஷம் முட்டி மடங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பிரேமாவதி காரில் உட்கார்ந்திருந்த சுபாஷினியை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கரி மூட்டை இறக்குன அன்னிக்கு, இது சரிப்படலன்னா படிச்சது போதும்னு பாப்பாகிட்ட சொன்னீங்களே முதலாளி. நான் பக்கத்துலதான் நின்னேன்."