நடுவே ஒரு கோட்டை

"நடுவுல ஒரு இடம் பார்த்துட்டுப் போகலாம் சார். கோட்டை, ஏரி, அருங்காட்சியகம். மூணுல எது வேணும்?" என்று கேட்டாள் வாடகைக் கார் நிறுவனத்துப் பெண்.

"எதுக்கு அதிக நேரம் பிடிக்கும்?" என்றார் பேராசிரியர்.

மறுமுனை கொஞ்சம் திகைத்தது. "எது சீக்கிரம் முடியும்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க."

"நான் வரலாற்றுப் பேராசிரியர்மா. எங்களுக்கு அவசரமே கிடையாது."

"அப்ப கோட்டை சார். முந்நூத்திப் பத்துப் படி."

"அதையே போடுங்க."

முப்பது வருடமாகக் கோட்டைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் அவர். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் பாடக்குறிப்பை மாற்றி எழுத வேண்டியிருக்குமே என்ற தயக்கம்தான்.

போனை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை அத்தை வீடு மாத்தறாங்க. ரெண்டாவது மாடிச் சாமானை எல்லாம் இறக்கி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகணும். நேரா போனா பத்து மணிக்கெல்லாம் கூடமாட இருக்கலாம். நீங்க கோட்டை பார்க்கக் கிளம்பறீங்களா?"

"பாரம் தூக்கறது ஒரு கலை. அதுக்குன்னு ரெண்டு ஆளுங்க வராங்க. நாம குறுக்க நின்னா அவங்களுக்குத்தான் இடைஞ்சல்."

"முந்நூறு படி ஏறுவீங்க. ஒரு அலமாரியை ரெண்டு மாடி இறக்க மாட்டீங்க."

"படி ஏறும்போது கை சும்மாத்தானே இருக்கு?"

வீடு மாறப்போகிற அம்மாவிடம் அவர் சொன்னது வேறு. "விடிஞ்சதும் கிளம்பிடறேன்மா. நீ ஒண்ணையும் தொடாதே. எல்லாத்தையும் நான் வந்து பார்த்துக்கறேன்."

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கார் வந்தது. காரின் எண்ணையும் ஓட்டுநரின் போன் எண்ணையும் உடனே அம்மாவுக்கு அனுப்பிவைத்தார். நேரம் பதிந்த ஆவணத்தின் அருமை வரலாறு படித்தவருக்குத் தெரியாதா?

கோட்டையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லா அறிவிப்புப் பலகைகளையும் நின்று படித்தார். 'குப்பை போடாதீர்' என்றிருந்ததை இரண்டு முறை படித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது ஓட்டுநர் ஆச்சரியப்பட்டார்.

"அதுக்குள்ள இறங்கிட்டீங்களே சார்! பின்பக்கம் பீரங்கி இருக்குமே, பார்க்கலையா?"

பேராசிரியர் பீரங்கியையும் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏரியும் வழியிலதான் சார். படகு விடறாங்க."

"ஒரு இடம்னுதானே பேச்சு?" என்றாள் மனைவி.

"பரவாயில்லைம்மா. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

இப்படியொரு ரசிகரை இந்தத் தொழிலில் பார்ப்பது அரிது என்று பேராசிரியருக்குத் தோன்றியது.

மிதிபடகில் அவர் மட்டும் ஏறினார். மனைவி கரையில் நின்று போனும் கையுமாகக் கத்தினாள்.

"ரெண்டு தடவை அடிச்சுட்டேன். அத்தை எடுக்கவே மாட்டேங்கறாங்க! எந்த மூட்டையைத் தூக்கிட்டு எந்தப் படியில நிக்கறாங்களோ!"

பேராசிரியரின் கால் ஒரு கணம் நின்றது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. முழங்கால் வலியால்தான் தரைத்தள வீட்டுக்கே போகிறாள். கால் மறுபடி மிதித்தது. படகு கரைக்கு எதிர்ப்பக்கமாகப் போயிற்று.

ஏரியை விட்டுக் கிளம்பியதும் கார் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு டிராக்டர் ஹாரன் அடித்து வழி கேட்டு முந்திக்கொண்டு போனது.

"ஏம்பா, அங்க வயசானவங்க ஒண்டியா அல்லாடறாங்க. கொஞ்சம் வேகமா போயேன்," என்றாள் மனைவி.

"ரோடு சரியில்லைம்மா."

சாலை வழவழவென்று கிடந்தது. மனைவி கணவன் பக்கம் சாய்ந்தாள்.

"இந்த ஆளையும் சரிக்கட்டிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல," என்றார் பேராசிரியர். அன்று அவர் பேசிய முதல் உண்மை.

ஒன்றேகால் மணிக்கு ஓட்டுநரின் போன் அடித்தது. காரோடு இணைத்திருந்ததால் குரல் நாலு பக்கமும் ஒலித்தது.

"தம்பி, எல்லாச் சாமானும் புது வீட்டுக்கு வந்தாச்சு. ஆளுங்களும் கிளம்பிட்டாங்க. இனிமே வேகமா வாப்பா."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அம்மாவின் குரல்.

"அம்மா, அது வந்து..." ஓட்டுநர் தடுமாறினார். அந்தப் பக்கம் நிறுத்துவதாக இல்லை.

"காலையில சொன்ன மாதிரியே இழுத்தடிச்சுக் கூட்டிட்டு வந்தே பாரு, நீ நல்லா இருப்பே! மருமக ரெண்டு தடவை கூப்பிட்டா. எடுத்தா உளறிடுவேன்னு எடுக்கவே இல்ல."

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே தம்பி, கோவிச்சுக்குவான். பத்து மணிக்கே வந்திருந்தான்னா, யாரையும் கிட்டச் சேர்க்காம அத்தனையையும் அவன் ஒருத்தனே தூக்கியிருப்பான். என் பிள்ளையைப் பத்தி எனக்குத் தெரியாதா?"