மூன்று சிலிண்டரும் கொஞ்சம் குழாயும்

“இனிப்பு மணக்குது, பிள்ளை.”

லொறியின் ஓட்டுநர் அறைக்குள் ஏறி, பக்கத்து இருக்கையில் அமர்ந்த ஸ்ரீஸ்கந்தராசா கண்களை மூடி மூக்கை மட்டும் திறந்து வைத்திருந்தார். வெளியே சக்கரங்கள் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

“அது கறுவாப் பணிஸ், அண்ணை. காலமை சாப்பிட நேரமில்லை.” ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உதயகுமாரி ஒரு கடதாசிப் பையைக் காட்டினாள்.

“நைட்ரஸும் இனிப்பாத்தான் மணக்கும்.” அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “இது சாட்சியப் பொருள்.”

நொர்வேயின் லில்லெஸ்ட்ரோம் நகருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில், பாரம் ஏற்றிய இரும்புச் சறுக்குவண்டியை லொறிகள் இழுக்கும் போட்டி. பியோர்ண்டாலில் இருந்து தன் மண் லொறியோடு வந்த உதயகுமாரி, சற்றுமுன் தொண்ணூற்றேழு மீற்றர் இழுத்து எல்லோரையும் முந்தியிருந்தாள். எஞ்சினுக்குள் நைட்ரஸ் வாயுவைக் களவாகச் செலுத்தினால் எந்தக் கிழட்டு லொறிக்கும் யானைப் பலம் வந்துவிடும். பிடிபட்டால் இரண்டு வருடத் தடை.

பிடிப்பதற்கென்றே இருப்பவர் ஸ்ரீஸ்கந்தராசா. அவருடைய மஞ்சள் அங்கியின் முதுகில் ‘பிரதம பரிசோதகர்’ என்று நொர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. போட்டிக் குழுவில் வேறு பரிசோதகரே இல்லை. ‘பிரதம’ அவருடைய சொந்தச் சேர்க்கை.

போன வருடம் அவர் “சுத்தம்” என்று கையெழுத்து வைத்த லொறியின் தண்ணீர்க் கானுக்குள் சிலிண்டர் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது, கை கழுவத் தண்ணீர் தேடிய வாஃபிள் கடைக்காரி. அன்றிலிருந்து குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனாலும், “அண்ணை, இந்தக் கத்தரிக்காயையும் ஒருக்கா சோதிச்சுச் சொல்லுங்கோ” என்று யாராவது நீட்டுவார்கள். இந்த முறையும் கோட்டை விட்டால் அடுத்த வருடம் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை என்று குழு சொல்லிவிட்டது.

அதனால் அவர் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார். காலையில் ஒவ்வொரு லொறியையும் ஓட்டுநரோடு சேர்த்து நிறுப்பது. வென்ற லொறியை, போட்டி முடிந்த கையோடு மறுபடி நிறுப்பது. நிறை கூடியிருந்தால், இடையில் களவாக ஏதோ ஏறியிருக்கிறது.

“அப்ப தராசுக்குப் போவமே, அண்ணை?”

“போம், போம். நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன். நான் கண்ணை எடுத்தா சாமான் கைமாறிப்போடும். உந்த விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியும்.”

லொறி புல்வெளி நீளத்துக்கு ஊர்ந்தது. பிடித்த கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் தளபதிபோல அவர் இருபக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். வழியில் சாட்சியப் பொருளில் இரண்டைச் சோதித்தும் முடித்தார்.

நிலத்தில் பதித்த தராசில் லொறி ஏறி நின்றது. கூடாரத்துக்குள் தராசுக்குப் பொறுப்பாக இருந்த எமிலி திரையைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் வாசித்தாள். காலையில் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ. இப்போது ஒன்பதாயிரத்து ஐம்பது.

ஸ்ரீஸ்கந்தராசா ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“டீசல் எரிஞ்சா நிறை குறைய வேணும், பிள்ளை. உம்மடை லொறி நூற்றுப் பத்துக் கிலோ கூடி நிக்குது. பெரிய சிலிண்டர் ஒண்டு முப்பத்தஞ்சு கிலோ. மூண்டு எண்டா நூற்றஞ்சு. மிச்சம் அஞ்சு கிலோ குழாயும் நட்டும்.”

கணக்கு இத்தனை அழகாக வந்ததில் அவருக்கே கொஞ்சம் வியப்பு.

உதயகுமாரியின் முகம் வெளிறிப்போனது. “என்ரை லொறியிலை அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணை. வேணுமெண்டா கழட்டிப் பாருங்கோ.”

“பாக்கத்தான் போறன்.”

லொறியைத் தராசிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள். முதலில் பற்றரிப் பெட்டி. பிறகு மேலதிகச் சக்கரம், தண்ணீர்க் கான், தீயணைப்புக் கருவி. தண்ணீர்க் கானுக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்தார். எஞ்சின் மூடி திறந்தது. இருக்கைகள் இரண்டும் கழன்று புல்லுக்கு வந்தன. அகப்பட்டவை: ஒற்றைக் கையுறை, பனி சுரண்டும் தகடு, யாரோ மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி.

வெற்றிக் கிண்ணத்தை இருமுறை வெளியே எடுத்து இருமுறையும் உள்ளே வைத்துவிட்டார்கள். சனம் வாஃபிள் தின்று முடித்து, அடுத்து என்ன தின்னலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தது.

சிலிண்டர் கிடைக்காதது ஸ்ரீஸ்கந்தராசாவை அசைக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து அறிக்கையைத் தட்டச்சு செய்தார். ‘சிலிண்டர்கள் மூன்றும் மிக உயர்ந்த தந்திரத்தோடு ஒளிக்கப்பட்டுள்ளன. அவை அகப்படாமையே அதற்குச் சான்று.’

“இதிலை கையெழுத்து வையும். இரண்டு வருசம் கண்ணை மூடித் திறக்க ஓடிப்போயிடும்.”

உதயகுமாரி பேனாவை வாங்கவில்லை. கழற்றிப் புல்லில் வைத்திருந்த இரண்டு இருக்கைகளையும் பார்த்தபடி நின்றாள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு கணம், பக்கத்து இருக்கையில் இரண்டு கணம். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். அவள் முகத்துக்கு மெல்ல நிறம் திரும்பியது.

“வைக்கிறன், அண்ணை. அதுக்கு முதல் ஒருக்கா நீங்கள் மட்டும் அந்தத் தராசிலை ஏறுங்கோ.”